ஆன்லைன் பட்டப்படிப்புக்கு விதிமுறை எழுதுகிறோம்: முதலில் எதை எழுத வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டில் பி.காம்., எம்.ஏ. தமிழ் இரண்டையும் முழு ஆன்லைன் படிப்பாகத் தொடங்கப் போகிறோம். எங்கள் நாக் (தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பு) மதிப்பெண் 3.26க்கு மேல் இருப்பதால் அனுமதிப் பக்கம் சிக்கல் இல்லை. விதிமுறைகளை எழுத ஐந்து பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். நானும் அதில் இருக்கிறேன். ஆறு வார அவகாசம்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 செப்டம்பரில் வெளியிட்ட தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான ஒழுங்குமுறையை இரண்டு முறை முழுதாகப் படித்துவிட்டேன். பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் கூடாது. அகமதிப்பீடு 30 சதவீதம், பருவத் தேர்வு 70 சதவீதம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. இவையெல்லாம் தெளிவு. ஆனால் பரமக்குடியில் இருக்கும் ஒரு மாணவர் இரவு பத்து மணிக்குக் கணக்கியல் சந்தேகம் கேட்டு எழுதினால், யார், எத்தனை நாளுக்குள் பதில் சொல்வது? இதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். குழுவில் இப்போதைக்கு 64 பக்க வரைவு ஒன்று சுற்றுகிறது. பெரும்பகுதி வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆவணத்திலிருந்து எடுத்தது. அதைப் படித்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. அதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எதையும் யார் செய்வார் என்று இல்லை.

எதை முதலில் எழுத வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கோப்பு எழுதியது:

அம்மா, நான் அஞ்சல்வழிக் கல்வி இயக்ககம் ஒன்றில் 31 ஆண்டுகள் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். தபாலில் பாடப் புத்தகம் அனுப்பிய காலம். உங்கள் கடைசி வரிதான் முழு விஷயமும்.

எங்கள் அலுவலகத்தில் அழகான விதிகள் இருந்தன. ‘பாடநூல்கள் உரிய காலத்தில் அனுப்பப்படும்’ என்று ஒரு விதி. உரிய காலம் எது? அனுப்புவது எந்தப் பிரிவு? புத்தகம் அச்சாகி வராவிட்டால் யார் மாணவருக்குக் கடிதம் எழுத வேண்டும்? எதுவும் கிடையாது. அதனால் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு புத்தகம் போய்ச் சேர்ந்த ஆண்டுகள் உண்டு. விதியை யாரும் மீறவில்லை என்பதுதான் கொடுமை.

செயப்பாட்டு வினையில் முடியும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடிடுங்கள். ‘வழங்கப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஏற்பாடு செய்யப்படும்’. ஒவ்வொன்றிலும் ஒரு பதவிப் பெயரையும் ஒரு நாள் கணக்கையும் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பொருள். ஆளைப் போட்ட பிறகு விதியை எழுதலாம்.

கணக்குவாத்தியார் எழுதியது:

பழைய_கோப்பு சார் சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் அந்த இடத்தில் எழுதப்படும் பதவிப் பெயர் எப்போதும் ‘பாட ஆசிரியர்’ என்றே முடிந்துவிடுகிறது மேடம். இதையும் பேசியாக வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் ஆன்லைன் படிப்பு தொடங்கியபோது வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு எனக்கு அப்படியே இருந்தது. அதற்கு மேல் வீடியோ பதிவு, வினா வங்கி, விவாதப் பகுதியில் பதில், அசைன்மென்ட் திருத்தம். ஒரு மணி நேர வீடியோவுக்குத் தயாரிப்பு, பதிவு, திருத்தம் எல்லாம் சேர்த்து எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. அது எந்த வேலைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இரண்டாவது பருவத்தில் மாணவர்களின் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் பணம் கட்டிக் கேட்ட கேள்விகள் அவை.

யுஜிசி ஒழுங்குமுறையில் படிப்புக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், பாடத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்று இருக்கிறது. 250 என்பதே பெரிய எண். நீங்கள் அதைக் குறைத்து எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பி.காம். முதலாண்டுக் கணக்கியலுக்கு 80 பேருக்கு ஒருவர் இருந்தால்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்பது என் அனுபவம். ஆன்லைன் பாடம் எடுப்பவருக்கு நேரடி வகுப்பில் எத்தனை மணி நேரம் குறையும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே ஆட்சிக்குழுவில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று. வீடியோ யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக உருவாக்கியது பணியமர்த்தியவருக்கே சேரும். ஆனால் உங்கள் பாடங்களில் பாதியைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் எடுப்பார்கள். அவர்களை அடுத்த ஆண்டு நீக்கிவிட்டு அவர்கள் முகத்தையும் குரலையும் ஐந்து ஆண்டுக்குப் போட்டுக்கொண்டிருப்பது நியாயமா? எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம், மறுபடி பயன்படுத்தினால் என்ன ஊதியம் என்பதை எழுத்தில் வையுங்கள்.

முத்துநகர்_மாணவி எழுதியது:

மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? நான் தூத்துக்குடியில் ஒரு நேரடிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே சென்னை ஐஐடியின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பையும் படிக்கிறேன். 2022இல் இரண்டு பட்டம் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று யுஜிசி வழிகாட்டுதல் வந்ததால்தான் இது முடிந்தது.

அந்தப் படிப்பு 2020இல் தொடங்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்த விதியும் பாதி வழியில் மாறி நம்மைத் திகைக்க வைப்பதில்லை. பருவம் தொடங்கும்போதே மதிப்பீட்டு ஆவணம் கையில் இருக்கும். வாராவாரம் அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி. அசைன்மென்டில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுத முடியாது. எந்தப் பாடத்துக்கு எந்தச் சூத்திரப்படி இறுதி மதிப்பெண் கணக்கிடுவார்கள் என்பதும் முன்கூட்டியே இருக்கும். க்விஸ்களும் பருவத் தேர்வும் மையத்துக்குப் போய் நேரில் எழுத வேண்டும். நுழைவுக்கே நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அந்த நான்கு வாரத்தில் ஆன்லைன் படிப்பு நமக்குச் சரிப்படுமா என்று நமக்கே தெரிந்துவிடும். பெற்றோர் பணத்தை மூன்று ஆண்டு கட்டிய பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

மேடம், உங்கள் பி.காம். படிப்புக்கும் முதல் மாதத்தில் வெளியேறினால் முழுக் கட்டணமும் திரும்ப என்று ஒரு விதி வையுங்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா எங்கேயோ ஆன்லைன் எம்.பி.ஏ. சேர்ந்து, இரண்டாவது வாரமே முடியாது என்று விட்டுவிட்டு, கட்டிய பணத்துக்காக ஒரு வருஷம் மின்னஞ்சல் அனுப்பினார்.

மலைக்காற்று எழுதியது:

மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதுவது தூத்துக்குடியில் இருப்பவருக்கு எளிது. நான் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறேன். கைக்குழந்தை. மிக அருகில் உள்ள மையம் திண்டுக்கல். போக வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆறு தேர்வு என்றால் ஆறு நாள், அல்லது அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும், குழந்தையோடும் என் அம்மாவோடும். ஆன்லைன் படிப்பு என்று விளம்பரம் செய்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் மலை இறங்கி வா என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படிப்பே இல்லை என்றுதானே அர்த்தம்?

தேர்வறை எழுதியது:

தேர்வாணையர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சகோதரி சொல்வது நியாயமான வலி. ஆனால் வீட்டிலிருந்து கேமரா முன் எழுதும் தேர்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு ஆன்லைன் தேர்வு நடத்தியதும், ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டதும், பிறகு மறுதேர்வு நடத்தப்பட்டதும் நினைவிருக்கும். அது கொரோனா கால நெருக்கடி. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. மென்பொருள் ஒருவர் தலையைத் திருப்பினார் என்று குறியிடும். குழந்தை அழுததால் திருப்பினாரா, காகிதத்தைப் பார்க்கத் திருப்பினாரா என்று அதற்குத் தெரியாது. அந்தக் குறிகளை உட்கார்ந்து பார்க்க மனிதர்கள் வேண்டும். நூறு பேருக்கு மூன்று மணி நேரத் தேர்வு என்றால் முந்நூறு மணி நேர வீடியோ. எந்த அலுவலகத்தில் அதற்கு ஆள் இருக்கிறது?

கண்காணிப்பு இல்லாத தேர்வுக்கு ஒழுங்குமுறையில் இடமே இல்லை. மையமா வீடா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. நான் மையம் என்றுதான் சொல்வேன். ஆனால் மையங்களை அரசுக் கலைக் கல்லூரிகளில் வட்ட அளவில் வையுங்கள், தேர்வுகளை அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் முடியுங்கள்.

மலைக்காற்று எழுதியது:

நான்கு நாள் என்றால்கூட என்னால் முடியாது சார். கேமரா முன்னால் எழுதத் தயார். அறை முழுவதையும் காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன். முடிவை மென்பொருள் எடுக்கக்கூடாது, ஒரு மனிதர் பார்த்து என்னிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் எனக்கே இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. இப்போது இப்படி ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

‘பருவத் தேர்வு மையங்களில் நடைபெறும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய், மாற்றுத்திறனாளிகள், மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் தேர்வுக்கு 30 நாள் முன்பு விண்ணப்பித்தால் வீட்டிலிருந்து எழுதலாம். துணைத் தேர்வாணையர் 7 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். மென்பொருள் குறியிட்டது என்பதற்காக மட்டும் எவருடைய முடிவையும் நிறுத்தக்கூடாது. இரண்டு ஆசிரியர்கள் பதிவைப் பார்த்து, மாணவரிடம் விளக்கம் கேட்ட பிறகே முடிவு. தேர்வுப் பதிவுகளை முடிவு வெளியான 90ஆம் நாள் கணினி மைய இயக்குநர் அழிக்க வேண்டும்.’

வீட்டிலிருந்து எழுதுபவர்கள் மொத்தத்தில் சிறு பகுதியாகவே இருப்பார்கள் என்பதால் பதிவுகளை மனிதர்கள் பார்ப்பது சாத்தியம் என்று நம்புகிறேன்.

தேர்வறை எழுதியது:

‘பதில் தராவிட்டால் அனுமதி’ என்பதை எங்கள் அலுவலகம் கடுமையாக எதிர்க்கும். ஆனாலும் அதை எடுத்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் கோப்பு நகரும். 60 கிலோமீட்டர் என்பதற்குப் பதில் பயண நேரத்தை வையுங்கள். மலையில் 60 கிலோமீட்டரும் சமவெளியில் 60 கிலோமீட்டரும் ஒன்றல்ல.

விரல்நுனி எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பான் வைத்து எம்.ஏ. வரலாறு தொலைநிலையில் படித்து முடித்தேன். மேடம், மாற்றுத்திறனாளிகளைத் தேர்வுப் பகுதியில் சேர்த்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் எங்கள் சிக்கல் தேர்வுக்கு வெகு முன்பே தொடங்குகிறது.

எம்.ஏ. தமிழ் பாடப் பொருள்கள் எந்த எழுத்துருவில் இருக்கப் போகின்றன? பல துறைகளில் இன்னும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள்தான் இருக்கின்றன. கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழ். என் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. குறுந்தொகைப் பாடலைத் திறந்தால் என்விடிஏ என்ற என் திரைவாசிப்பான் அர்த்தமில்லாத எழுத்துகளை வரிசையாகப் படிக்கும். பழைய நூலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் இன்னும் மோசம், ஒன்றுமே படிக்காது. எனக்குத் தங்கைதான் இரண்டு ஆண்டும் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். அவளும் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. அதெல்லாம் உங்கள் வரைவில் எப்படியும் வந்துவிடும். நான் கேட்பது ஒரே வரி: ‘யூனிகோடில் இல்லாத எந்தப் பாடப் பொருளையும் தளத்தில் ஏற்றக்கூடாது.’ யூனிகோட் என்றால் எல்லாக் கணினியும் ஒரே எழுத்தாகப் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடு. ஏற்றும் முன் திரைவாசிப்பானில் சோதித்தவரின் பெயர் கோப்பில் இருக்கட்டும்.

பழைய_கோப்பு எழுதியது:

தம்பி, இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்கள் காலத்து வானவில் கோப்புகள் நூற்றுக்கணக்கில் அங்கே கிடக்கின்றன. மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் ஒற்றும் கிரந்த எழுத்தும் இடம் மாறிப் போகும், ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். மேடம், அதற்கு ஒரு பணியிடமும் மூன்று மாதமும் ஒதுக்குங்கள். படிப்பு தொடங்கும் முன்பே.

தறிக்கூடம் எழுதியது:

சேர்க்கை பற்றி யாரும் பேசவில்லை. என் அண்ணன் கதையைச் சொல்கிறேன்.

விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூர முறையில் பி.டெக். படித்தான். சேர்த்துவிட்ட மையம் ‘எல்லா அனுமதியும் இருக்கு’ என்றது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் தொலைதூர முறையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி ஒரு தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது. அண்ணன் 2006இல் சேர்ந்தவன். அவன் கட்டிய பணம், விழித்த இரவுகள், அதை வைத்துக் கிடைத்த பதவி உயர்வு, எல்லாம் போயிற்று. அவனுக்கு அப்போது 38 வயது, இரண்டு பிள்ளைகள்.

அதனால் உங்கள் விதிமுறையில் சேர்க்கைப் பகுதி கல்லில் எழுதியது போல இருக்க வேண்டும். ஏஜென்டுகள் கூடாது. வெளி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துப் படிப்பு நடத்தக்கூடாது என்று யுஜிசி 2022 ஜனவரியில் எச்சரித்தது, அதை அப்படியே எழுதுங்கள். 2024 முதல் மாணவர் தானே டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்) உருவாக்கிய பிறகுதான் சேர முடியும், அதற்கு ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்களைச் சேமிக்கும் கணக்கின் எண்) வேண்டும். அந்த ஐடியில் இருக்கும் கைபேசி எண் மாணவருடையதுதானா என்று சேர்க்கைப் பிரிவு ஒரு முறை கூப்பிட்டுப் பேசட்டும். ஏஜென்ட் எண்ணாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், கட்டணம் கேட்கும் முன்பு, இந்தப் படிப்புக்கு எந்த ஆண்டு வரை அங்கீகாரம், எந்தப் பட்டியலில் எந்த இடத்தில் பார்க்கலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

கணக்குவாத்தியார் எழுதியது:

தறிக்கூடம் தம்பி, அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

இதோடு சேர்த்து ஒன்று: அங்கீகாரம் நடுவில் மாறினால் என்ன? 2025இல் உளவியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து போன்ற உடல்நலம் சார்ந்த பாடங்களை ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நடத்தக்கூடாது என்று யுஜிசி சொன்னது. பி.காமுக்கு அப்படி வராது என்று நினைக்கலாம். ஆனால் உங்கள் நாக் மதிப்பெண் அடுத்த சுற்றில் குறைந்தால்? ஏற்கனவே சேர்ந்தவர்களை முடிக்கும் வரை நடத்துவோம், அதற்கான பணம் தனிக் கணக்கில் இருக்கும் என்று விதியில் எழுத வேண்டும்.

தறிக்கூடம் எழுதியது:

நன்றாக இருக்கிறான் சார். மறுபடி பி.காம். சேரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அதனால்தான் இந்த இழையைப் படித்தேன்.

முத்துநகர்_மாணவி எழுதியது:

மேடம், வருகைப்பதிவு பற்றியும் யோசியுங்கள். 75 சதவீதப் பங்கேற்பு வேண்டும் என்பது சரி. ஆனால் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் மதியம் வரை டவரும் சேர்ந்து மங்கிவிடும் ஊர்கள் இருக்கின்றன. நேரலை வகுப்பில் இருந்தால்தான் வருகை என்று வைக்காதீர்கள். பதிவைப் பார்த்து, கடைசியில் ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னாலும் வருகைதான் என்று வையுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒலி மட்டும் உள்ள சிறிய கோப்பும் வேண்டும். தினசரி ஒன்றரை ஜிபியை வீட்டில் மூன்று பேர் பங்குபோடுகிறார்கள்.

அப்புறம், அசைன்மென்டில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். என் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியர் ஒவ்வொன்று சொல்கிறார்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழு கூடியது. 64 பக்க வரைவை ஒதுக்கி வைத்துவிட்டோம். ‘படும்’ என்று முடியும் வாக்கியங்களை எண்ணிப் பார்த்தோம். 211 இருந்தன. அவற்றில் பதவிப் பெயர் எழுத முடிந்தது 70க்குக் கொஞ்சம் மேல். அந்தப் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுத்தபோது அவர் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றுக்கொண்டவை: யூனிகோட் விதி. மாணவர் கேள்விக்கு இரண்டு வேலை நாளுக்குள் வழிகாட்டி பதில். 100 மாணவருக்கு ஒரு வழிகாட்டி (80 கேட்டேன், கிடைக்கவில்லை). முதல் 30 நாளுக்குள் வெளியேறினால் முழுக் கட்டணமும் 15 நாளில் திரும்ப, பொறுப்பு நிதி அலுவலர். பதிவு பார்த்தாலும் வருகை. அசைன்மென்டில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று சொல்ல வேண்டும், ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு மாணவரிடமும் பத்து நிமிடம் அசைன்மென்ட் பற்றி வாய்மொழியாகக் கேட்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் ஆசிரியரின் பணி நேரத்தில் சேரும்.

தள்ளிப்போனவை: கௌரவ விரிவுரையாளர்களின் வீடியோ உரிமை. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரையும் கேமரா முன் உட்கார வைக்க மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து தேர்வு எழுதுவது முதல் இரண்டு பருவத்துக்குச் சோதனையாக. பயண நேரம் இரண்டு மணிக்கு மேல் என்று மாற்றிவிட்டோம். மலைக்காற்று, நீங்கள் அதில் வருவீர்கள். ‘பதில் தராவிட்டால் அனுமதி’ அப்படியே இருக்கிறது.

சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறோம். தமிழ்த் துறையின் பழைய கோப்புகள் 140 இருக்கின்றன. சரிபார்க்க ஆள் போட்டாயிற்று. விரல்நுனி, மாதிரிக்கு முதல் அலகை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நேரமிருந்தால் பார்த்துச் சொல்கிறீர்களா? இது தன்னார்வ வேலையாக இருக்கக்கூடாது என்று மதிப்பூதியமும் கேட்டிருக்கிறேன்.

விரல்நுனி எழுதியது:

பார்த்துவிட்டேன் மேடம். முதல் மூன்று பக்கமும் தெளிவாகப் படிக்கிறது. நான்காம் பக்கத்தில் திணை, முதற்பொருள், கருப்பொருள் அட்டவணை இருக்கிறது இல்லையா, அது படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே வந்ததும் மௌனமாகிவிடுகிறது. அதை உண்மையான அட்டவணையாக மாற்றி, முதல் வரியைத் தலைப்பு வரியாகக் குறியிடச் சொல்லுங்கள். மாற்றியதும் அனுப்புங்கள், இன்றிரவே பார்த்துவிடுகிறேன்.